காற்று ஏற்றிய வண்டி

கிரீன் ஆறு அந்த வருஷம் கரை கொள்ளாமல் ஓடியது. மலையில் பனி தாமதமாக உருகியதால் ஜூலை பிறந்தும் வெள்ளம் வடியவில்லை. ஓரிகனுக்கு வண்டி கட்டிக் கிளம்பிய எங்கள் கூட்டத்து ஆண்களுக்கு ஆற்றைக் கண்டால் போதும், ஆளுக்கொரு யோசனை வந்துவிடும். ஒருவன் மேலே போகலாம் என்பான். இன்னொருவன் கீழே இறங்கினால் ஆழம் குறைவு என்பான். மூன்றாமவன் குச்சியை எடுத்து மணலில் கோடு கிழித்துக் காட்டுவான். கடைசியில் எல்லாரும் லாரோக்கின் படகில்தான் போகப்போகிறோம் என்று எனக்குத் தெரியும். கூட்டத்துக்குக் கேப்டனாக இருந்த என் வீட்டுக்காரர் டாகெட்டுக்கும் தெரியும். ஆனாலும் விடிந்ததிலிருந்து அவர்களைப் பேசவிட்டுக்கொண்டிருந்தார். பேசித் தீர்த்தால்தான் வடம் பிடிக்க வருவார்கள் என்பது அவர் கணக்கு.

லாரோக் பிரெஞ்சுக்காரன். மலையில் பொறி வைத்துத் தோல் வியாபாரம் செய்தவன், தோலை யாரும் சீந்தாமல் போனபிறகு ஷோஷோனி இனத்துப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டு அந்த ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் மச்சான்மார் மாடுகளை நீந்தவைத்து அக்கரை சேர்ப்பார்கள். இவன் வண்டிகளைத் தட்டைப் படகில் ஏற்றிக் கொண்டுபோவான். வெயில் சாய்ந்துவிட்டால் மாடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று கண்டிப்பு. சூரியன் தண்ணீரில் பட்டுக் கண்ணில் அடித்தால் மாடுகள் கரையைத் தொலைத்துவிட்டு, நடு ஆற்றிலேயே சுற்றிச் சுற்றி முழுகிவிடுமாம். அதனால் காலையிலேயே அவசரப்படுத்தினான். காசை நீட்டினால் மட்டும் வாங்க மாட்டேன் என்றான்.

"வெள்ளியை வறுத்தா தின்ன முடியும்? இங்க கடை ஏது, கண்ணி ஏது? மாவு குடுங்க. வண்டிக்கு அரை மூட்டை. இல்லேன்னா நீஞ்சிப் போங்க, நான் வேடிக்கை பாக்குறேன்."

அரை மூட்டை என்றதும் எல்லார் முகமும் தொங்கிப்போயிற்று. லாரமி கோட்டையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி வந்தோம். அங்கே எங்களுக்கு முன்னால் போன கூட்டங்கள் துடைத்துவிட்டுப் போயிருந்தன. ஓரிகன் இன்னும் மலைகளுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. இருக்கிற மாவில் அரை மூட்டை போனால் ரொட்டி கையகலத்திலிருந்து விரலகலத்துக்கு வந்துவிடும். ஆனாலும் கொடுத்தோம். வேறு என்ன செய்வது?

கெசியாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது அவள் பட்ட பாடு. அன்று படகில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு மலைப்பாதையில் கூடவே நடந்தபோது அவளே சொன்னாள்.

கெசியா, எபன் ப்ரூயிட்டின் தங்கை. மிசௌரியில் அப்பா செத்ததும் எபன் நிலத்தை விற்று வண்டி கட்டினான். தங்கையை விட்டுவர இடம் இல்லாததால் கூட்டி வந்தான். கூட்டி வந்தான் என்று சொல்வதைவிட, கூலி இல்லாமல் ஓர் ஆள் கிடைத்தாள் என்று சொல்லலாம். அவன் பெண்டாட்டி லூசிண்டா ஏழு மாதக் கர்ப்பிணி, வண்டியை விட்டு இறங்குவது அபூர்வம். சமையல், துவையல், மாடு ஓட்டுவது, எருவாட்டி பொறுக்குவது எல்லாம் கெசியாதான். இருபது வயசு, நல்ல உயரம். தலையை நிமிர்த்தித்தான் நடப்பாள்.

லாரமி தாண்டிய அன்று எபன் எங்கள் அடுப்பருகே வந்து உட்கார்ந்தான்.

"மாவு பூரா புழு வச்சுப்போச்சு கேப்டன். மூட்டையோட கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்தேன். லூசிண்டாவ நெனச்சாத்தான்..." என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து கெசியா சாயங்காலம் ஆனால் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். கேட்பது எல்லாருக்கும் வராது. சிலருக்கு அது சரளமாக வரும், உரிமையோடு கேட்பார்கள், கொடுத்தது போதாது என்று முகத்தைக் காட்டுவார்கள். இவள் அடுப்புக்குக் கிட்டே வர மாட்டாள். கொஞ்சம் தள்ளி, மாட்டுக் கயிற்றை அவிழ்க்கிறமாதிரி நின்றுகொண்டிருப்பாள். நாம்தான் பார்த்துக் கூப்பிட வேண்டும். வாங்கிக்கொண்டால் சும்மா போக மாட்டாள். பாத்திரம் தேய்ப்பாள், கிழிந்ததைத் தைப்பாள். ஒருநாள் நான் கோபித்துக்கொண்டேன்.

"ஏண்டி, ஒரு கை மாவுக்கு என் வீட்டுக்காரர் சட்டை எல்லாத்தையும் தச்சுத் தரணுமா?"

"சும்மா வாங்கினா தொண்டையில எறங்கல அக்கா," என்றாள்.

அவளுக்கு அதிகம் கொடுத்தவள் ஹல்டா ஸ்டவர். பிளாட் ஆற்றங்கரையில் ஹல்டாவின் புருஷன் காலராவில் போனான். காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனைச் சாயங்காலம் புதைத்துவிட்டு நகர்ந்தோம். ஆர்ஃபா, நெட்டி என்று இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு அவள் தானே மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். திரும்பிப் போகிறாயா என்று கேட்டதற்கு, "திரும்பிப் போனா அவரு கல்லறையத் தாண்டணும். முன்னால போனா தாண்ட வேண்டாம்," என்றாள். அப்படிப்பட்டவள். அவள்தான் கெசியாவிடம் ஒருநாள் சொன்னாள்:

"ஓரிகன் போனதும் நான் நிலம் பதிஞ்சுக்குவேன். நீ என்கூட வந்து இரு. அண்ணன் வீட்ல அடுப்பூதிக்கிட்டே கெழவி ஆகப்போறியா? நீ பாதி பாடுபடு, நான் பாதி படுறேன். வெளையுறதும் பாதி பாதி."

இதைச் சொல்லும்போது கெசியாவின் முகத்தை நான் பார்த்தேன். அவளிடம் யாரும் எதையும் பாதி தருகிறேன் என்று அதுவரை சொன்னதில்லை. அதற்குப் பிறகு அவள் நடந்ததெல்லாம் ஓரிகனுக்கு இல்லை, அந்த நிலத்துக்கு. அது கைநழுவிப் போனால் அவளுக்கு அண்ணன் அடுப்படிதான்.

சரி, துறைக்கு வருவோம். எங்கள் வண்டி முதலில் போயிற்று. அக்கரையில் இறங்கி நான் திரும்பிப் பார்த்தபோது புறப்பட்ட கரையில் பாதி வண்டிகள் நின்றன. எபன் தன் மாடுகளை நுகத்திலிருந்து அவிழ்க்காமலே நின்றிருக்கிறான். லாரோக் மாவு கேட்டதும் கையை விரித்துவிட்டான்.

"என்கிட்ட ஏதுய்யா மாவு? ஊரே சோறு போடுது எனக்கு. நான் கீழ போயி எறங்குற எடம் பாத்துக்குறேன்."

"எறங்குற எடமா? எங்க எறங்கினாலும் நேரா மேல போற எடந்தான்," என்றான் லாரோக்.

கர்ப்பிணிப் பெண்டாட்டியை வைத்துக்கொண்டு இவன் வெள்ளத்தில் இறங்குவதாவது! அந்தக் கரையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். ஒருத்தர் மாட்டின் குளம்பைத் தூக்கிப் பார்த்தாராம். ஒருத்தர் வானத்தைப் பார்த்தாராம். வாய் திறந்தால் அரை மூட்டை போய்விடுமே. நான் அங்கே இருந்திருந்தால் நானும் எதையாவது பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பேன், பொய் சொல்வானேன்.

ஹல்டா தன் வண்டிக்கென்று எடுத்து வைத்திருந்த அரை மூட்டையைத் தூக்கி லாரோக்கின் காலடியில் வைத்தாள்.

"இது எபன் வண்டிக்கு."

"அப்ப உன் வண்டி?"

"என் வண்டிக்குப் படகு எதுக்கு? வண்டிப் பெட்டி அவரு செஞ்சது. ஊசி போக எடமில்ல. இடுக்குல தாரைப் பூசி, சக்கரத்தக் கழட்டிட்டு மெதக்க விட்டா தன்னால போகும். பிளாட் ஆத்துல ஒருதடவ போயிருக்குல்ல?"

"பிளாட் ஆறு முழங்கால் தண்ணிம்மா. இது வேற," என்றான் லாரோக்.

"வயித்துப்புள்ளக்காரி போகட்டும் மொதல்ல. என் பொண்ணுங்களையும் அதுல ஏத்திக்க. நான் பின்னால வர்றேன்."

எபன், "வேண்டாங்க்கா," என்று ஒரு தடவை சொன்னான். இரண்டாம் தடவை சொல்லவில்லை. கெசியாதான் ஹல்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணனுக்காக அழுதாளாம். இப்படி எல்லாரிடமும் கையேந்துகிற நிலைமை அவனுக்கு வந்துவிட்டதே என்று.

வண்டியைச் சரிவில் இறக்கிப் படகில் ஏற்ற வேண்டும். சாமான் கனமாக இருந்தால் இறக்கிவிடச் சொல்வது லாரோக்கின் வழக்கம். எபன் சிரித்தான்.

"எங்க வண்டியில என்ன இருக்கு? காத்துதான் இருக்கு. அப்படியே ஏத்துங்க."

ஆறு பேர் வடத்தைப் பிடித்தார்கள். சரிவு வழுக்கல். வண்டி அவர்களை இழுத்துக்கொண்டு கீழே போனது. பின்பக்கம் படகின் விளிம்பில் ஏறாமல் விலகி, அடிப்பலகை முழுகுகிறவரை தண்ணீரில் உட்கார்ந்துவிட்டது. திட்டிக்கொண்டே தூக்கினார்கள்.

"என்னய்யா எபன், மிசௌரிக் காத்து இவ்வளவு கனமா?" என்று வடம் பிடித்தவன் ஒருவன் மூச்சு வாங்கக் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எபனும் சிரித்தான்.

படகு கரையை விட்டு நகர்ந்தது. வண்டிக்குள் லூசிண்டா படுத்திருந்தாள். எபன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். கெசியா ஹல்டாவின் பெண்கள் இரண்டு பேரையும் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருந்தாள். நீரோட்டம் படகை இழுக்க இழுக்க லாரோக் கழியை ஊன்றிக்கொண்டு என்னவோ பிரெஞ்சில் வைதுகொண்டிருந்தான். சின்னவள் நெட்டி திடீரென்று வண்டிக்கு அடியில் கையை நீட்டினாள்.

"அக்கா, உங்க வண்டி பால் குடுக்குது."

கெசியா குனிந்து பார்த்தாள். வண்டியின் அடிப்பலகை இடுக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக வெள்ளையாக விழுந்தது. படகின் பலகையில் அது ஒரு சின்ன ஓடையாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது. எத்தனை வருஷமாக மாவு பிசைகிறவள், அவளுக்குத் தெரியாதா? வாயில் வைத்துப் பார்க்கக்கூடத் தேவையில்லை. மேலே இருக்கிற பலகைக்கும் கீழே இருக்கிற பலகைக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டு எபன் இன்னொரு தளம் அடித்திருந்தான். விதை தானியமும் கலப்பைக் கொழுவும் வைப்பதற்கு என்று சொல்லியிருந்தான்.

லாரமியிலிருந்து ஒவ்வொரு அடுப்பாக நின்றது, தள்ளி நின்றது, குனிந்து வாங்கியது, பாத்திரம் தேய்த்தது எல்லாம் ஒரே நேரத்தில் வந்து முகத்தில் அறைந்தது. அவள் தூங்கிய இடத்துக்கு நேர் மேலே மாவு இருந்திருக்கிறது. வண்டிக்கு அடியில்தான் அவள் தூங்குவாள்.

லாரோக்கும் பார்த்துவிட்டான். எபனைப் பார்த்தான். கழியை ஒரு தடவை ஊன்றி எடுத்துவிட்டுச் சொன்னான்:

"காத்து நனஞ்சா கட்டியாயிடும், தொரை. சீக்கிரம் காய வைங்க."

எபன் தங்கை பக்கம் வந்து குனிந்தான்.

"வாயத் தொறக்காத. கொழந்த பொறந்து பனி விழுறப்ப இவங்கள்லாம் வந்து மாவு குடுப்பாங்களா? பனியில மலையில மாட்டிக்கிட்டுப் பட்டினியில செத்தவங்க கத உனக்குத் தெரியும்ல? லூசிண்டாவுக்குத் தெரியும். உனக்குச் சொல்லாததுக்குக் காரணம், தெரிஞ்சா நீ அவங்ககிட்ட கேக்கப் போகமாட்டே."

"அவங்க அரை மூட்டையக் குடுத்தப்பவுமா அண்ணே?"

அதற்குள் ஆர்ஃபா, "அம்மா!" என்று கத்தினாள்.

அதை நானும் அக்கரையிலிருந்து பார்த்தேன். படகு எங்கள் கரைக்குக் கிட்டே வந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஹல்டாவின் வண்டிப் பெட்டி மிதந்து வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வடம் கட்டி இழுத்தார்கள். பாதிவரை நன்றாகத்தான் வந்தது. ஹல்டா உள்ளே நின்று கழியை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். நடு ஓட்டத்துக்கு வந்ததும் வெள்ளம் பெட்டியைக் குறுக்காகத் திருப்பியது. வடத்தை விடு, வடத்தை விடு என்று டாகெட் அலறினார். அவர்கள் பயத்தில் இறுக்கிப் பிடித்தார்கள். பெட்டி ஒருக்களித்துக் கவிழ்ந்தது. ஹல்டாவின் தலை ஒரு தடவை தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

எபன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் குதித்தான். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கரையில் இருந்த அத்தனை ஆண்களும் கத்திக்கொண்டு நின்றபோது அவன் ஒருத்தன்தான் குதித்தான். வெள்ளம் அவனை ஒரு பக்கம் கொண்டுபோக, அவன் இன்னொரு பக்கம் நீந்தினான். ஹல்டாவின் பாவாடையைப் பிடித்து, வடத்தைப் பிடித்து, இரண்டு பேரும் உருண்டு புரண்டு கரைக்கு வந்து விழுந்தார்கள். அவன் நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டியது. ஹல்டா தண்ணீர் கக்கினாள், பிறகு பெண்களைக் கட்டிக்கொண்டாள். பெட்டியைத் தூரத்தில் பிடித்து இழுத்து வந்துவிட்டோம். அதில் இருந்த மாவு, உப்பு இறைச்சி, அவரை எல்லாம் ஆற்றோடு போயிற்று.

அதற்குப் பிறகு எபனுக்குக் கிடைத்த மரியாதையைக் கேட்கவே வேண்டாம். டாகெட் தன் கம்பளியை எடுத்து அவனுக்குப் போர்த்தினார். யாரோ ஒளித்து வைத்திருந்த விஸ்கி வெளியே வந்தது. நான் அவன் நெற்றிக்குக் கட்டுப் போட்டேன். "நீ மனுஷன்டா எபன்," என்று என் வாயாலேயே சொன்னேன். ஹல்டா அவன் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கெசியா அந்தப் பக்கமாக நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. பயந்துவிட்டாள், பாவம் என்று நினைத்தேன். போய் அவளைத் தட்டிக்கொடுத்து, "உன் அண்ணன நெனச்சுப் பெருமப்படுடி," என்றும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் என் நாக்கை நானே கடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

இந்த ஆரவாரம் அடங்கட்டும், அடங்கியதும் சொல்லிவிடலாம் என்று அவள் நினைத்தாளாம். அது அடங்கவில்லை. ஒவ்வொரு வண்டி கரையேறும்போதும் கதையை முதலிலிருந்து சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் எபன் இன்னும் கொஞ்சம் அதிக தூரம் நீந்தினான். அவன் அவளைத் தனியாகக் கண்டபோது, "உசுரையே குடுக்கப் போனேன்ல? இன்னும் என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறான்.

வெயில் சாய்ந்தது. ஹல்டாவுக்குக் கொடுக்க வண்டிக்கு வண்டி மாவு எடுக்க வேண்டும் என்று டாகெட் சொன்னார். காலையில் வானத்தைப் பார்த்தவர்கள்கூட அப்போது கொடுத்தார்கள். வெட்கமாக இருந்திருக்கும், நல்லது. நான் ஒரு தகரச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி வண்டியாகப் போனேன். எபனின் வண்டிக்கு வந்ததும் டாகெட், "அங்க எதுக்குப் போற? அவங்ககிட்ட என்ன இருக்கு," என்றார். எபன் தலையைக் குனிந்துகொண்டான். நான் தாண்டிப் போனேன்.

சட்டி நிறைந்தது. ஹல்டாவிடம் கொடுத்தேன். அவள் ஈரத் துணியை இன்னும் மாற்றவில்லை. சட்டியை வாங்கி, அதில் பாதியை ஒரு டப்பாவில் கொட்டினாள்.

"எங்கடி கொண்டுபோற?" என்றேன்.

"எபனுக்கு. எனக்கு உசுரு குடுத்தவன் வீட்ல இன்னிக்கு ரொட்டி இல்லேன்னா நான் எப்படித் திம்பேன்?"

அவளே கொண்டுபோனாள். நானும் கூடவே போனேன். எபன் எழுந்து நின்றான். ஹல்டா டப்பாவை நீட்டினாள்.

"வேண்டாங்க்கா," என்றான்.

"வாங்கிக்கடா. கொஞ்சந்தான் இருக்கு. பாதி பாதி."

அவன் கையை நீட்டினான்.

"வாங்காதே," என்றாள் கெசியா. அவள் குரல் அப்படி ஒன்றும் உயரவில்லை. ஆனால் அடுத்த வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எபன், "கெசி," என்றான். அவள் கேட்கவில்லை. வண்டியில் ஏறினாள். லூசிண்டா உள்ளிருந்து, "கெசி வேணாம், கெசி வேணாம்," என்று கெஞ்சுவது கேட்டது. படுக்கை வெளியே வந்து விழுந்தது. பிறகு ஒரு பெட்டி. பிறகு கோடரியால் பலகையை நெம்புகிற சத்தம். பலகை கிரீச்சென்று பெயர்ந்தது. அவள் ஒரு மூட்டையை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டுவந்து பின்பக்கமாகக் கீழே தள்ளினாள். நனைந்த பக்கம் ஓடு மாதிரி கெட்டியாகிக் கிடந்தது. விழுந்த வேகத்தில் அந்த ஓடு பிளந்து உள்ளே இருந்த மாவு வெள்ளை வெளேரென்று உலர்ந்து கொட்டியது. ஒரு புழு இல்லை. அவள் திரும்பிப் போய் இன்னொரு மூட்டையை இழுத்தாள். பிறகு இன்னொன்று.

எல்லாரும் வந்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் எபன் நெற்றியில் நான் போட்ட கட்டைப் பிய்த்து எறியலாமா என்றிருந்தது. என் பிள்ளைகள் ரொட்டியின் ஓரத்தை விரலால் துடைத்துத் தின்ற சாயங்காலங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. ஆனால் யாரும் கத்தவில்லை. கத்துவதற்கு முதல் உரிமை ஹல்டாவுக்கு. அவள் டப்பாவைப் பிடித்தபடியே மூட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கொழந்தைக்காக வச்சேங்க்கா," என்றான் எபன்.

"எனக்கும் ரெண்டு இருக்குடா," என்றாள் ஹல்டா. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, "உன்னத் திட்டக்கூட வழி வைக்கலியேடா. உசுரக் காப்பாத்தி என் வாயக் கட்டிப்போட்டுட்டியே," என்றாள். அவன் அப்படியே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அன்று அதற்குப் பிறகு அவன் எழுந்ததை நான் பார்க்கவில்லை.

டாகெட் மூட்டைகளை எடுத்துப் பிரிக்கச் சொன்னார். ஹல்டாவுக்குப் போக வேண்டியது போக, மீதி எல்லா வண்டிக்கும். லூசிண்டாவுக்கும் ஒரு பங்கு வைத்தார். அவளைப் பட்டினி போட எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

கெசியா வண்டியிலிருந்து இறங்கினாள். கையெல்லாம், முகமெல்லாம் மாவு. நேராக ஹல்டாவிடம் வந்தாள். அவளுக்கு வேறு யாரும் முக்கியமில்லை. நாங்கள் என்ன நினைத்தாலும் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"உனக்குத் தெரியுமா கெசி?" என்று ஹல்டா கேட்டாள்.

"தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. படகுல வச்சுத்தான் தெரிஞ்சுது."

ஹல்டா நம்பினாள். அவள் முகம் இளகியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கையை நீட்டி, கெசியாவின் கன்னத்தில் ஒட்டியிருந்த மாவைத் துடைக்கப்போனாள். கை பாதியில் நின்றது. ஆற்றைப் பார்த்தாள். சாய்ந்து கிடந்த வெயிலைப் பார்த்தாள்.

"படகு மத்தியானமே கரைக்கு வந்துருச்சே, கெசி," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். நிமிர்ந்தே இருந்த கெசியாவின் தலை அப்போது குனிந்ததுதான். நான் ஏதாவது சொல்லி அவளைக் காப்பாற்றியிருக்கலாம். பயந்துவிட்டாள், சின்னப் பெண், அண்ணன் மிரட்டியிருப்பான் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஹல்டா அவளை ஒதுக்கிவைக்கவில்லை. வழியெல்லாம் பேசினாள், சிரித்தாள், பெண்களை அவளிடம் விட்டுவிட்டு மாட்டைப் பார்க்கப் போனாள். ஓரிகன் வந்து சேர்ந்தோம். மழை பிடித்துக்கொள்வதற்குள் ஹல்டா ஆற்றோரமாக நல்ல நிலம் பதிந்துகொண்டாள். தூரத்தில் நின்று அவள் எல்லைக்கு முளை அடிப்பதைக் கெசியா பார்த்துக்கொண்டிருந்தாள். ஹல்டா அவளை வா என்று கூப்பிடவில்லை. கெசியாவும் கேட்கவில்லை.